ஒரு கட்டமா, இரண்டு கட்டமா?

சிறுவர் செஸ் போட்டிகளில் டிரா கேட்பதையே தடை செய்துவிட வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. நடுவர்களில் உண்டு, பயிற்சியாளர்களில் உண்டு, பெற்றோரில் நிறையவே உண்டு. நான் அந்தக் கட்சியில் உறுப்பினன் இல்லை. ஆனால் அவர்கள் பேசும்போது தலையாட்டிக்கொண்டு நிற்பேன். பத்து வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டாவது நகர்த்தலில் கைகுலுக்கிவிட்டு வெளியே விளையாட ஓடுவதைப் பார்த்த யாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். அப்புறம் ஒரு ஆட்டத்தைப் பார்த்தேன். அதில் பிள்ளைகள் யாரும் வெளியே ஓட அவசரப்படவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, விதி எதுவும் மீறப்படவில்லை. ஆனாலும் நடந்தது சரியில்லை. எது சரியில்லை என்று அன்று சொல்லத் தெரியவில்லை. மற்ற நடுவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். எதுவும் ஒட்டவில்லை.

நான் அன்று உதவி நடுவர். மேசை வரிசைகளுக்கு நடுவே நடப்பது, கை தூக்கும் பிள்ளையிடம் போய் நிற்பது, முடிந்த ஆட்டங்களின் ஸ்கோர்ஷீட்டில், அதாவது நகர்த்தல்களை எழுதும் தாளில், இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது, வேலை இவ்வளவுதான். பெற்றோர் எல்லாரும் கதவுக்கு வெளியே. ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கும் உரிமை நடுவருக்கு உண்டு, அதைப் பற்றி முகத்தில் ஒரு சுளிப்பு காட்டும் உரிமைகூடக் கிடையாது. நல்ல நகர்த்தலைப் பார்த்து லேசாகப் புருவத்தை உயர்த்தினால் போதும், உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதைப் படித்துவிடும். பலகையைப் படிப்பதைவிட வேகமாகப் பெரியவர்களின் முகத்தைப் படிப்பவர்கள் அவர்கள். அதனால் சிறுவர் போட்டிகளில் நிற்கும் நடுவர்களுக்கெல்லாம் நாளடைவில் மரத்தில் செதுக்கினாற்போல ஒரு முகம் அமைந்துவிடும். எனக்கும் அமைந்துவிட்டது. வீட்டில் இதைப் பற்றிப் புகார் உண்டு.

12 வயதுக்குட்பட்டோர் பிரிவு. வெள்ளைக் காய்களில் ஒரு சிறுமி, ரேட்டிங், அதாவது ஆட்ட பலத்தைக் காட்டும் எண், ஏறக்குறைய 1600. கறுப்பில் அவளைவிடக் கொஞ்சம் பெரிய பையன், 1800. ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி சேரும். இதைப் பெண் பிள்ளை, ஆண் பிள்ளை கதையாக யாரும் படிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சிறுமியின் நாற்காலியில் உட்கார்ந்து அதே காரியத்தைச் செய்த பையன்களையும் பார்த்திருக்கிறேன். 1988-லேயே 12 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கான உலகப் பட்டத்தை யூதித் போல்கார் என்ற சிறுமி வென்றாயிற்று. அந்த விவாதம் அதோடு முடிந்திருக்க வேண்டியது.

ஓப்பனிங்கைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நடு ஆட்டத்தில் பையன் ராஜா பக்கம் தாக்கினான், கொஞ்சம் அதிகமாகவே தாக்கினான். அவள் பதறாமல் காய்களை மாற்றிக்கொண்டே வந்தாள். தாக்குதல் ஓய்ந்தபோது பையனிடம் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தது. அப்புறம் நீண்ட நேரம் யானை ஆட்டம், அதில் சிப்பாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஐம்பது நகர்த்தலைத் தாண்டியபோது ஆளுக்கொரு ராஜா, ஒரு யானை. அவளிடம் மட்டும் கூடுதலாக ஒரு சிப்பாய், எஃப்2-வில் (எழுத்து நெடுவரிசை, எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்கு வரிசை), ஆட்டம் தொடங்கியதிலிருந்து நகராமல் நின்ற சிப்பாய். யானைகளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருந்தால் பையனுக்குப் பிழைக்க வழி இருந்தது. அவன் யானையை ஈ4-இல் கொண்டுபோய் மாற்றிக்கொண்டான். அவள் ராஜாவால் திருப்பி எடுத்தாள்.

அந்த நிலை

பலகை இருப்பவர்கள் வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா ஈ4, சிப்பாய் எஃப்2. கறுப்பு ராஜா எஃப்7-இல் இருந்து ஈ6-க்கு வந்துவிட்டது. வேறு காயே கிடையாது. நகர்த்த வேண்டியது வெள்ளை.

இரண்டு ராஜாக்களும் நடுவில் ஒரே ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கின்றன. இதற்கு ஆப்போசிஷன் என்று பெயர், என்ட்கேம் பாடத்தில் முதல் வாரமே வந்துவிடும். இப்படி நிற்கும்போது யார் நகர்த்த வேண்டுமோ அவருக்குத்தான் கஷ்டம், விலகி வழிவிட வேண்டியிருக்கும். இங்கே நகர்த்த வேண்டியது வெள்ளை என்பதால், பாடத்தின் முதல் பக்கத்தை மட்டும் படித்தவர் இது டிரா என்பார். இரண்டாம் பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. வெள்ளையிடம் ராஜாவைத் தொடாமலே முறையைத் தள்ளிவிட ஒரு நகர்த்தல் இருக்கிறது. சிப்பாயை எஃப்3-க்கு, ஒரே ஒரு கட்டம் தள்ளினால் போதும். இப்போது கறுப்பு ராஜாதான் விலகியாக வேண்டும். அது எஃப்6-க்குப் போனால் வெள்ளை ராஜா எஃப்4-க்கு வந்து மறுபடி எதிரே நிற்கும். மறுபடி அது விலகும், இது முன்னேறும். சிப்பாய்க்கு முன்னால் ராஜா பாதையைத் துடைத்துக்கொண்டே போய்விடும். சிப்பாயைவிட ராஜா இரண்டு வரிசை முன்னால் நின்றால் யார் முறை என்பதே முக்கியமில்லை, ஓரச் சிப்பாயாக இல்லாதவரை வெற்றிதான்.

ஆனால் அதே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டால், அதாவது எஃப்4-க்குப் போனால், கறுப்பு ராஜா எஃப்6-க்கு வந்து நின்றுகொள்ளும். கையிலிருந்த அந்த உபரி நகர்த்தல் செலவாகிவிட்டது. அதற்கப்புறம் வெள்ளை எவ்வளவு முயன்றாலும் கடைசியில் சிப்பாய் எஃப்7-க்குப் போகும், கறுப்பு ராஜா எஃப்8-இல் இடிந்து உட்காரும், வெள்ளை ராஜா எஃப்6-க்கு வந்ததும் ஸ்டேல்மேட், செக் இல்லாமலே நகர வழியில்லாத டிரா. ஒரு கட்டம் போனால் முழுப் புள்ளி, இரண்டு கட்டம் போனால் அரைப் புள்ளி. செஸ்ஸில் சிப்பாய்க்கு வாழ்நாளில் ஒருமுறை மட்டும் கிடைக்கும் அந்த இரட்டை அடி, இங்கே எடுக்கக்கூடாத சலுகை. அவசரமாக ஓட நினைக்கும் வயதில் இதைப் பார்ப்பது லேசான காரியம் இல்லை.

பையன் ராஜாவை ஈ6-இல் வைத்தான், நிமிர்ந்து "டிரா?" என்றான், அப்புறம் கடிகாரத்தை அமுக்கினான். வரிசை கச்சிதம். டிரா கேட்பதென்றால் முதலில் நகர்த்தலைப் பலகையில் செய்து, பிறகு கேட்டு, பிறகுதான் கடிகாரத்தைத் தொட வேண்டும். பெரியவர்களே இதில் தடுமாறுவார்கள், எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் கேட்டு நச்சரிப்பார்கள். இவனுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஸ்கோர்ஷீட்டில் அவனுடைய நகர்த்தலை எழுதினாள். டிரா கேட்டதைக் குறிக்க அடைப்புக்குறிக்குள் சமக்குறி போட வேண்டும், அதையும் போட்டாள். பிறகு அவள் கை மேலே எழுந்து எஃப்2 சிப்பாய்க்கு நேர் மேலே வந்து நின்றது. தொடவில்லை. தொட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நகர்த்தும் எண்ணத்தோடு ஒரு காயைத் தொட்டாலே டிராவை மறுத்ததாக அர்த்தம், வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லத் தேவையே இல்லை. தொட்ட சிப்பாயை நகர்த்தியாக வேண்டும் என்பது சரி, ஆனால் ஒரு கட்டமா இரண்டு கட்டமா என்பதைக் கையை விடும்வரை முடிவு செய்யலாம். கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு பின்வாங்கியது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவசரப்பட்டுக் காயைத் தொடாமல் இருக்கப் பயிற்சியாளர்கள் சொல்லித் தரும் பழக்கம் அது.

அவளிடம் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது. அவள் பலகையைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். பையன் பக்கத்து மேசை ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், தன் ஆட்டம் முடிந்துவிட்டதுபோல. அப்புறம் அவள் என்னைப் பார்த்தாள். நான் என் மரமுகத்தோடு நின்றேன். மறுபடி பலகை. உதடு அசைகிறது, ஏதோ எண்ணுகிறாள். சரியாகத்தான் எண்ணுகிறாள் என்று எனக்குத் தோன்றியது, அவள் பார்வை எஃப்3-க்கும் எஃப்6-க்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது. அப்புறம் கையை எடுத்து நீட்டினாள். பையன் குலுக்கினான். அரைக்கு அரை.

தோற்கவே வழியில்லாத இடம்

நடந்தது வெறும் கணக்குத் தப்பு என்றால் நான் அன்றே மறந்திருப்பேன். வெற்றி நிலையை டிராவுக்கு விட்டுக்கொடுப்பது எல்லா வயதிலும், எல்லா ரேட்டிங்கிலும் நடப்பதுதான். என்னை விடாமல் துரத்தியது வேறு. அவளுக்கு அந்த நிலையில் தோற்கவே வழி கிடையாது. எதிரே இருப்பது தனி ராஜா. தனி ராஜாவால் யாரையும் மேட் செய்ய முடியாது. அவள் தப்பாக எஃப்4 போனால் டிரா. சிப்பாயையே பறிகொடுத்தால் டிரா. உட்கார்ந்து யோசித்துக்கொண்டே நேரத்தை முழுக்கத் தீர்த்துவிட்டால்கூட டிராதான், ஏனென்றால் எதிராளியால் எந்த வகையிலும் மேட் செய்ய முடியாத நிலையில் கொடி விழுந்தால் தோல்வி கிடையாது. இரண்டாவது தடவை விதிக்கு மாறான நகர்த்தல் செய்தாலும் அதே காரணத்தால் டிரா. பாக்கெட்டில் ஃபோன் அடித்தாலொழிய, அல்லது தானே தோல்வியை ஒப்புக்கொண்டாலொழிய, அரைப் புள்ளிக்குக் கீழே அவள் போக முடியாது.

அதாவது, பையன் நீட்டியது ஏற்கெனவே அவள் பையில் இருந்த அரைப் புள்ளி. அதை அவளிடமே கொடுத்துவிட்டு, மீதி அரைப் புள்ளிக்கான வாய்ப்பை வாங்கிக்கொண்டான். இதை உணர ஆப்போசிஷன் தெரிய வேண்டியதில்லை. ராஜாவைத் தவிர எதிராளியிடம் ஒன்றுமில்லை என்று பார்க்கக் கண் இருந்தால் போதும். வெற்றிக்கு வழி தெரியவில்லை என்றாலும் முயன்று பார்க்கலாம், செலவு ஒன்றுமில்லை. 1600 ரேட்டிங் உள்ள ஒரு பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்காது. பிறகு ஏன் கையை நீட்டினாள்?

என் முதல் பதில் சுலபமானது. பையன் தந்திரக்காரன், தோற்றுக்கொண்டிருப்பது தெரிந்து தன் ரேட்டிங்கைக் காட்டி மிரட்டி அரைப் புள்ளி பறித்துவிட்டான். செஸ்ஸில் இது பழைய வித்தை. நிலைமை மோசமாகும்போது பலமானவர் பெருந்தன்மையாக டிரா கேட்பார், பலவீனமானவர் அதைப் பரிசு என்று வாங்கிக்கொள்வார். டிரா கேட்கப்படுவதே ஒரு தகவல், எதிராளி பயப்படுகிறார் என்ற தகவல், அதைப் படிக்கக் குழந்தைகளுக்குச் சொல்லித் தர வேண்டும் என்று ஒரு கட்டுரையே மனதில் எழுதி முடித்துவிட்டேன். நல்ல கட்டுரையாக இருந்திருக்கும். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் அது செல்லாமல் போயிற்று.

அடுத்த சுற்றில் யாருக்கு எதிரே யார் என்ற பேரிங் பட்டியலை ஒட்ட வெளியே போனபோது அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். "என்னம்மா ஆச்சு?" "டிராப்பா." "1800-ஓடயா? சூப்பர்டா! பத்துப் பாயிண்ட் வரும்." கணக்கில் அவர் கெட்டி. 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் குறைந்த ரேட்டிங் உள்ளவரிடம் எதிர்பார்க்கப்படுவது 0.24 புள்ளி. 18 வயதுக்குட்பட்ட, 2300-ஐத் தொடாத ஆட்டக்காரருக்குக் கே மதிப்பு, அதாவது ரேட்டிங் மாறும் வேகத்தை நிர்ணயிக்கும் எண், 40. டிரா ஆனால் 0.26 பெருக்கல் 40, அதாவது 10.4 புள்ளி ஏறும். அப்புறம் ஸ்கோர்ஷீட்டைப் பார்த்துக் கடைசி நிலையை ஃபோனில் எஞ்சினுக்கு, அதாவது செஸ் ஆடும் நிரலுக்கு, கொடுத்தார். முகம் மாறியது. ஜெயித்திருந்தால் 30.4. அவர் திட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "சரி விடு" என்று மட்டும் சொன்னார். ஆனால் அந்த "சரி விடு" எவ்வளவு கனமானது என்று அவளுக்குத் தெரிந்தது. பத்துப் புள்ளி லாபம் ஒரே நிமிடத்தில் இருபது புள்ளி நஷ்டமாகிவிட்டது, இடையில் பலகையில் ஒன்றுமே நடக்கவில்லை.

பையன் சொன்னது

ஆட்டம் முடிந்த பிள்ளைகள் அலசிப் பார்க்கப் பக்கத்து அறையில் பலகைகள் போட்டிருப்பார்கள். சிறுவர் போட்டியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. உள்ளே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் இங்கே ஒருவர் மேல் ஒருவர் விழுந்து காய்களைப் பறித்து நகர்த்திக்கொண்டிருப்பார்கள். நான் அந்தப் பக்கம் போனபோது பையன் ஒரு பலகையில் அதே நிலையை வைத்துக்கொண்டிருந்தான். அவளும் எதிரே. சுற்றிலும் நாலைந்து பேர், அதில் இரண்டு மூன்று பேர் பலகை உயரத்துக்குத்தான் இருந்தார்கள்.

"நான்தான் ஆப்போசிஷன் எடுத்துட்டேன்ல, அதான் யானைய மாத்தினேன். அது டிரா" என்று பையன் விளக்கிக்கொண்டிருந்தான். குரலில் எந்தக் கள்ளமும் இல்லை. ஒரு கணக்கை விளக்கும் குரல். பலகை உயரத்தில் இருந்தவர்களில் ஒரு பொடியன், எட்டு வயதுகூட இருக்காது, கையை நீட்டி எஃப்2 சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். "இப்போ?"

பையன் ராஜாவை எடுத்தான். எஃப்6-இல் வைத்தான். பொடியன் எஃப்4-க்கு வந்தான். பையன் திரும்ப எடுத்தான், டி6-இல் வைத்துப் பார்த்தான், எஃப்7-இல் வைத்துப் பார்த்தான். "ஐயோ" என்றான். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தான், சிரித்துவிட்டான். "நான் தோத்திருக்கணும்!" அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. மிரட்டவில்லை, தந்திரம் செய்யவில்லை. பாடத்தின் முதல் பக்கத்தை நம்பி யானையை மாற்றிக்கொண்டான், டிரா என்று நினைத்து டிரா கேட்டான். பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது நடிப்பு இல்லை. அவனைப் பொறுத்தவரை அந்த ஆட்டம் முடிந்துதான் போயிருந்தது.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "நானும் அதத்தான் நெனச்சேன். ஒரு கட்டம்."

"அப்புறம் ஏன் ஆடல?" பொடியன்தான் கேட்டான்.

"அண்ணா டிரா கேட்டாங்கல்ல. அப்போ அது டிராவாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

இதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. அவளுக்கு விடை தெரிந்திருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. தெரியாதவன் கேட்டதை வைத்துத் தெரிந்தவள் தன் விடையை அடித்துவிட்டு அவன் விடையை எழுதியிருக்கிறாள். அரைப் புள்ளி போதும் என்ற பேராசைக் குறைவும் இல்லை, தோல்வி பயமும் இல்லை. அவன் கேட்ட கேள்வி அவள் காதில் தீர்ப்பாக விழுந்திருக்கிறது. அவள் உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தபோது பலகையில் வெற்றி இருக்கிறதா என்று தேடியிருக்க மாட்டாள். தன் கணக்கில் எங்கே தப்பு என்று தேடியிருப்பாள். கிடைக்கவில்லை. ஆனாலும் இருக்கும் என்று நம்பி கையை நீட்டிவிட்டாள்.

அந்த நம்பிக்கையை அவளுக்குள் வைத்தது பையன் இல்லை, நாங்கள்தான் என்று நினைக்கிறேன். பேரிங் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ரேட்டிங்கை அச்சடித்துச் சுவரில் ஒட்டுகிறோம். பிள்ளைகள் எதிராளியின் பெயரைப் படிக்கும் முன்னால் அந்த எண்ணைப் படிக்கிறார்கள். ஸ்விஸ் முறையில் முதல் சுற்றிலேயே மேல் பாதியைக் கீழ்ப் பாதியோடு மோதவிடுகிறோம், கீழ்ப் பாதிப் பிள்ளை போட்டியைத் தொடங்குவதே தன்னைவிடப் பெரிய ஒரு எண்ணுக்கு எதிரேதான். கதவோரத்தில் நின்றால் பெற்றோரும் பயிற்சியாளர்களும் கடைசி நிமிடத்தில் சொல்லி அனுப்புவதைக் கேட்கலாம். "பெரிய ரேட்டிங், டிரா கேட்டா வாங்கிடு." நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். பட்டியலில் ரேட்டிங்கை அச்சடிக்காமல் விடலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஃபோனில் தேடினால் வந்துவிடப் போகிறது, எதற்கு வீண் வேலை என்றார்கள். அதுவும் சரிதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிள்ளைகளின் ரேட்டிங்கைச் செஸ் உலகமே முழுதாக நம்புவதில்லை. அந்தக் கே மதிப்பு 40 என்பதற்கு அர்த்தமே அதுதான். 2400-ஐத் தொட்ட பெரியவருக்கு அது 10, மற்ற பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 20. பிள்ளைகளுக்கு 40, ஏனென்றால் அவர்கள் வளரும் வேகத்துக்கு எண்ணால் ஈடுகொடுக்க முடியாது, எப்போதும் பின்தங்கியே இருக்கும், அதனால் பெரிய எட்டாக வைத்துத் துரத்த வேண்டியிருக்கிறது. சூத்திரம் எழுதியவர்கள் "இந்த எண் பழசு, நம்பாதே" என்று சூத்திரத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 10.4 வரை தெரிந்திருந்தது, அந்த 40 ஏன் 40 என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கேட்டுக்கொண்டே இருப்பது

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்ததை இந்த ஆட்டத்துக்குப் பிறகு வேறு மாதிரிப் பார்க்கிறேன். உலகப் பட்டப் போட்டியின் 14-ஆவது ஆட்டம், ஆளுக்கு 6.5 புள்ளி. குகேஷ் கறுப்பு, ஆளுக்கொரு யானை, ஒரு பிஷப், குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். டிராவில் முடியும், அடுத்து டை-பிரேக் என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். டிங் லிரென் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்று குகேஷுக்குத் தெரியும். ஆனால் ஆபத்து முழுக்க எதிர்ப்பக்கம் இருந்தது, தன் பக்கம் அரைப் புள்ளி கிட்டத்தட்ட பத்திரம். அதனால் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், இதற்கு என்ன பதில், சரி இதற்கு என்ன பதில் என்று. 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-வில் வைத்தார். யானைகள் மாறின, பிஷப்புகளையும் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று, மிஞ்சியது சிப்பாய் ஆட்டம், வென்ற ஆட்டம். 58-ஆவது நகர்த்தலில் முடிந்தது. எஃப்2 என்ற அதே கட்டம் இரண்டு ஆட்டத்திலும் வந்தது தற்செயல், அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் பார்ப்பது அந்த 18 வயதுக்காரரின் நிதானத்தை. எதிராளி உலகச் சாம்பியன் என்பது நிலையின் மதிப்பை மாற்றாது என்று அவருக்குள் யாரோ எப்போதோ சரியாகப் பதித்திருக்கிறார்கள்.

அரைப் புள்ளி என்ன செய்யும் என்பதற்கும் சிறுவர் போட்டியிலேயே உதாரணம் உண்டு. 2002-ல் 12 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் இயான் நெபோம்னியாட்சியும் மாக்னஸ் கார்ல்சனும் சம புள்ளி. சமனைப் பிரிக்கும் டை-பிரேக் கணக்கில் பட்டம் நெபோவுக்குப் போயிற்று. எங்கோ ஒரு சுற்றில் கூடுதலாக ஒரு அரைப் புள்ளி கிடைத்திருந்தால் கார்ல்சன் சாம்பியன். 2021-ல் துபாயில் உலகப் பட்டத்துக்காக அதே இருவர் உட்கார்ந்தபோது ஆறாவது ஆட்டத்தை 136 நகர்த்தல் இழுத்து வென்றார் கார்ல்சன். உலகப் பட்டப் போட்டிகளில் அதைவிட நீளமான ஆட்டம் கிடையாது. இரண்டையும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் இதைப் படிக்கும்போதெல்லாம் ஆட்டத்தை முடித்துக்கொள்ளச் சம்மதிக்காத ஒரு சின்னப் பையன் என் கண்ணுக்குத் தெரிகிறான்.

தடை போட்டால்?

இனி அந்தக் கட்சிக்கு வருகிறேன். 2005-ல் சோஃபியாவில் நடந்த எம்-டெல் போட்டியில், ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் டிரா பேசவே கூடாது, நடுவர் வழியாகத்தான் என்று வைத்தார்கள். அதற்கப்புறம் சோஃபியா விதி என்றே பெயர் நிலைத்துவிட்டது. குறிப்பிட்ட நகர்த்தல் வரை, உதாரணமாக 30 வரை, டிரா கூடாது என்று போட்டி நடத்துபவர்கள் வைத்துக்கொள்ளவும் விதிகளில் இடமுண்டு. பன்னிரண்டாவது நகர்த்தலில் வெளியே ஓடும் பிள்ளைகளுக்கு இது போதும். இந்த ஆட்டத்துக்குப் போதாது, இது ஐம்பதைத் தாண்டியது. முழுத் தடை இருந்திருந்தால் அவள் அன்று எஃப்3 ஆடியிருப்பாள், ஜெயித்திருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தடை கேட்பவர்கள் இதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பார்கள், குதிக்கட்டும்.

ஆனால் அவள் தன் கணக்கை அடித்துவிட்டு அவன் கணக்கை எழுதியது டிரா என்ற கேள்வியால் மட்டும் நடப்பதில்லை. 1800 ஒரு காயைத் தைரியமாகப் பலி கொடுத்தால், இலவசமாகக் கிடைத்தாலும் எடுக்கத் தயங்குவாள். 1800 நம்பிக்கையோடு கடிகாரத்தை அடித்தால் தன் நகர்த்தலைச் சந்தேகிப்பாள். டிராவைத் தடை செய்யலாம், எதிராளியின் முகத்தைத் தடை செய்ய முடியுமா? டிரா கேட்பதிலாவது ஒரு சௌகரியம் இருக்கிறது. அது வெளிப்படையாக வாயால் கேட்கப்படுகிறது, பதில் சொல்லிப் பழக ஒரு இடம் கிடைக்கிறது. அதையும் மூடிவிட்டால் மற்றதெல்லாம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும். இன்னொரு நடுவரிடம் இதைச் சொன்னபோது, "பழக வேண்டும் என்பதற்காக எத்தனை பிள்ளைகள் எத்தனை புள்ளி இழப்பது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இன்னும் இல்லை.

ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய்தேன். முதல் சுற்றுக்கு முன்னால் நடுவர்கள் மைக்கில் விதிகளைச் சொல்வார்கள். தொட்ட காயை நகர்த்த வேண்டும், ஃபோன் கூடாது, சந்தேகம் என்றால் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கை தூக்கு, இப்படி. டிராவைப் பற்றி எப்படிக் கேட்பது என்று மட்டும்தான் இவ்வளவு நாளும் சொல்லி வந்தோம். அடுத்த போட்டியில் மைக் என்னிடம் வந்தபோது எப்படி மறுப்பது என்றும் சொன்னேன். "யார் கேட்டாலும் சரி, உங்களுக்கு வேண்டாம் என்றால் பதில் பேச வேண்டியதில்லை. உங்கள் நகர்த்தலை ஆடுங்கள், அதுதான் பதில்."

நடு வரிசையில் ஒரு கை எழுந்தது. "சார், வேணாம்னா அவங்க கோவப்படுவாங்களா?"

அறை முழுக்கச் சிரிப்பு. கேட்டவன் சிரிக்கவில்லை. "கோபப்பட்டா அது அவங்க பாடு. திரும்பத் திரும்பக் கேட்டுத் தொந்தரவு பண்ணா அது விதி மீறல், என்னைக் கூப்பிடு" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். அந்தச் சுற்றிலேயே மூன்று பிள்ளைகள் கை தூக்கி என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று எதிராளிகளும் ஒரே ஒருமுறைதான் கேட்டிருந்தார்கள், அதுவும் விதிப்படி. ஒவ்வொருவரிடமும் குனிந்து, இது தொந்தரவு இல்லை, வேண்டாம் என்றால் நீ ஆடு என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு பேர் ஆடினார்கள்.